ஓர் ஆலாவும் பதினேழு கார்களும்

புதிதாக வழிகாட்டி வேலைக்குச் சேர்ந்திருக்கும் உங்கள் ஆறு பேரிடமும் பறவைகளை அடையாளம் காண்பது எப்படி என்று பேசச் சொல்லி மேனேஜர் கேட்டுக்கொண்டார். எனக்கு அதில் விருப்பமில்லை. கூவுகிற பறவையின் பெயரை உங்கள் போன் என்னைவிட வேகமாகச் சொல்லிவிடுகிறது. சில நேரம் தவறாகச் சொல்கிறது. நானும் தவறாகச் சொல்லியிருக்கிறேன், ஆனால் என் குரலில் கம்பீரம் இருக்கும். இந்த விடுதியில் இருபத்தாறு வருடம் நான் சம்பளம் வாங்கியது பாதிக்குப் பாதி அந்தக் கம்பீரத்துக்குத்தான்.

ஆகவே பறவைகளை விட்டுவிடுவோம். பறவை பார்க்க வருகிறவர்களைப் பற்றிப் பேசலாம். நீங்கள் மேய்க்கப்போவது அவர்களைத்தான். அவர்களோடு சேர்ந்து நான் எவ்வளவு பெரிய முட்டாளாக இருந்தேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன். எப்படியும் சமையலறையில் உங்களுக்குச் சொல்லியிருப்பார்கள். அங்கே மசாலா கொஞ்சம் தூக்கலாக இருக்கும்.

சில வருடங்களுக்கு முன், ஒரு கார்த்திகை மாதம். வங்கக் கடலில் புயல் உருவாகிவிட்டது, கரையைக் கடந்து நம் கொல்லிமலை வழியாகத்தான் போகும் என்று நான்கு நாளாக டிவியில் சொல்லிக்கொண்டிருந்தார்கள். புயல் வருகிறது என்றால் மனிதர்கள் பயணத்தைத் தள்ளிப்போடுவார்கள். சென்னையிலிருந்து மூன்று பேர் தள்ளிப்போடாமல் வந்து இறங்கினார்கள். மூவரில் பெரியவர் ஓய்வுபெற்ற இன்ஜினியர். தமிழ்நாட்டுக்குள் அதுவரை முந்நூற்றுத் தொண்ணூற்றொன்பது வகைப் பறவைகளைப் பார்த்திருந்தார். ஒன்று பார்த்தால் நானூறு. அவர் பெயரைச் சொல்லாமல், தொண்ணூற்றொன்பதார் என்றே வைத்துக்கொள்வோம். அவரும் அந்த எண்ணைத்தான் முதலில் சொன்னார், பெயரைப் பிறகுதான் சொன்னார்.

இமயத்திலிருந்து குளிர்காலத்துக்கு இறங்கி வரும் ஓர் ஈப்பிடிப்பான், மலையில் குண்டனி நாடு என்று அழைக்கப்படும் ஊர்களின் பக்கம் ஓர் ஓடைப் பள்ளத்தில் அந்த வாரம் தென்பட்டிருந்தது. அதுதான் அவருடைய நானூறாவது பறவை என்று முடிவாகியிருந்தது, அந்த ஈப்பிடிப்பானைக் கேட்காமலே.

புயலுக்கு முந்தைய நாள் மாலை, அவர்களை அழைத்துக்கொண்டு குண்டனி நாட்டுக்குப் போனேன். வழியில் பொன்னுசாமி அண்ணன் தன் மாட்டுக்கொட்டகையின் தகரத்தின் மேல் கல்லை ஏற்றிக் கயிறு போட்டுக் கட்டிக்கொண்டிருந்தார். மிளகு, குச்சிக்கிழங்கு என்கிற மரவள்ளி, கொஞ்சம் சாமை என்று வெள்ளாமை செய்கிற மனிதர். ஓடைக்குப் போகும் பாதை அவர் நிலத்தின் வழியாகத்தான். பத்து வருடமாக எங்கள் விருந்தினர்களைப் போக விட்டவர், ஒரு தடவையும் ஏன் என்று கேட்டதில்லை.

தொண்ணூற்றொன்பதார் நோட்டுப் புத்தகத்தைத் திறந்துகொண்டு அவரிடம் போனார்.

"பெரியவரே, பறவைகள் நடமாட்டத்தை வைத்தே புயல் வருவது மலைவாசிகளுக்குத் தெரிந்துவிடுமாமே?"

"தெரியுமுங்க."

"அப்படியா! உங்களுக்கு எப்போ தெரிந்தது?"

"முந்தாநேத்துங்க."

"எப்படி?"

"ஏழு மணி செய்தியில சொன்னாங்க."

நோட்டுப் புத்தகம் மூடிக்கொண்டது. பொன்னுசாமி அண்ணன் முகத்தில் ஒரு சிரிப்பும் இல்லை. அவர் கிண்டல் செய்தாரா, உள்ளதைச் சொன்னாரா என்று எனக்கு இன்றுவரை தெரியாது.

அன்று மாலை ஈப்பிடிப்பான் கண்ணில் படவில்லை. மறுநாள் விடிந்ததும் மூவரும் ஷூவும் தொப்பியுமாக நின்றார்கள். காற்று இன்னும் எழும்பவில்லை. வானம் மட்டும் அடுப்புச் சாம்பல் நிறத்தில் இருந்தது.

"போக வேண்டாம் சார்," என்றேன்.

"புயல் மத்தியானத்துக்கு மேல்தானே? இரண்டு மணி நேரம் போதும்."

"பள்ளத்தில் பட்டுப்போன மரங்கள் நிற்கின்றன. காற்று வந்தால் ஓடி ஒதுங்க இடம் கிடையாது."

"உங்களுக்குப் பயமாக இருந்தால் வழியை மட்டும் காட்டுங்கள்."

நான் வாதாடவில்லை. விடுதியின் கேட்டைப் பூட்டி, சாவியை ரவிக்கைக்குள் போட்டுக்கொண்டு சமையலறைக்குப் போய் உட்கார்ந்துவிட்டேன். மரியாதையுள்ள ஆண்கள், அதற்குமேல் சாவியைக் கேட்கவில்லை. எட்டு மணிக்கே காற்று வந்துவிட்டது. மத்தியானம் வரை மலை முழுக்கச் சாமியாடியது. மறுநாள் போய்ப் பார்த்தால், அந்த ஓடைப் பாதையின் குறுக்கே மூன்று மரங்கள் விழுந்து கிடந்தன. இரண்டு மணி நேரம் போதும் என்று கிளம்பியிருந்தால், மூவரும் அந்தப் பாதையில்தான் இருந்திருப்பார்கள்.

சாலை திறந்ததும் அவர்கள் கும்பிட்டு விடைபெற்றுப் போனார்கள். மேனேஜர் பாராட்டினார். சமையல்காரர் பாராட்டினார். "நான்தான் சொன்னேனே" என்பதை அந்த இரண்டு நாளில் நான் எத்தனை முறை சொன்னேன் என்று எண்ணவில்லை. நம் தொழிலில் ஆபத்தான நேரம் அதுதான். ஒரு முறை சரியாக முடிவெடுத்தவர் அடுத்த முறை யோசிக்க மாட்டார், எடுத்த முடிவெல்லாம் சரி என்று நம்பத் தொடங்கிவிடுவார். நான் அதை நிரூபிக்க ஒரு நாள்கூடத் தாமதிக்கவில்லை.

புயல் போன மூன்றாம் நாள் காலை, பொன்னுசாமி அண்ணன் போன் செய்தார். ஊருக்குள் சிக்னல் இல்லை. எனக்குச் சொல்வதற்காகவே மெயின்ரோடு வரை நடந்து வந்திருக்கிறார்.

"அம்மிணி, எங்க காட்டுல ஒரு குருவி உக்காந்திருக்குதுங்க. முதுகு காக்கா கறுப்பு, வயிறு வெள்ளை. வாத்து மாதிரி சவ்வுக்காலு. கிட்டப் போனாலும் பறக்க மாட்டேங்குது. சோறு வெச்சுப் பார்த்தேன், திங்கலீங்க. என்னன்னு வந்து பாருங்க, பாவமா இருக்குது."

வெளியூரிலிருந்து வந்திருக்கும் பிள்ளைகளுக்காகச் சொல்கிறேன், எங்கள் பக்கம் காடு என்றால் மானாவாரி நிலம்.

போனேன். குச்சிக்கிழங்குச் செடிகள் படுத்துக்கிடந்த நிலத்தில், மழைத்தண்ணீர் தேங்கிய ஒரு குழியோரம் அது உட்கார்ந்திருந்தது. ஆலா. கரையில் கால் வைக்காமல் மாதக்கணக்கில் நடுக்கடலுக்கு மேலேயே பறந்து திரியும் பறவை. புயல் அதைத் தூக்கிக்கொண்டு வந்து, கடலே தெரியாத மலையில் கிழங்குக் காட்டில் போட்டிருந்தது. கண் பாதி மூடியிருந்தது.

அன்றைக்குச் செய்ய வேண்டியது என்ன என்று எனக்குத் தெரியும். துணியால் மூடி எடுத்து, காற்றோட்டமான அட்டைப்பெட்டியில் இருட்டில் ஓய்வு கொடுத்து, வனத்துறைக்குச் சொல்லியிருக்க வேண்டும். நான் செய்யவில்லை. ஏன் என்று கேளுங்கள். பெட்டிக்குள் இருக்கும் பறவையை யாரும் தங்கள் பட்டியலில் சேர்த்துக்கொள்ள முடியாது. அது தானாக வெளியில் உட்கார்ந்திருந்தால்தான் கணக்கு. அது உட்கார்ந்திருக்க வேண்டும் என்று நான் விரும்பினேன்.

வயிற்றை மண்ணில் வைத்துப் படுத்து இருபது படம் எடுத்தேன். பிறகு மெயின்ரோடுக்கு வந்து, பறவை பார்ப்பவர்களின் வாட்ஸப் குழுவில் படத்தையும் இடத்தையும் போட்டேன். என் பெயரையும் போட்டேன். இந்த மலையில் ஆலாவை முதலில் கண்டவள் நான் என்பது போல. முதலில் கண்டவர் பொன்னுசாமி அண்ணன். அவர் அதற்குச் சோறு வைத்தார், நான் பெயர் வைத்தேன். நம் உலகத்தில் பெயர் வைத்தவர்களுக்குத்தான் பெயர்.

அன்று அந்த ஊரில் கரண்ட் போய் மூன்று நாள் ஆகியிருந்தது. மோட்டார் ஓடாததால் பெண்கள் ஓடையிலிருந்து தண்ணீர் சுமந்தார்கள். பொன்னுசாமி அண்ணனின் சில்வர் ஓக் மரங்கள் மிளகுக்கொடியோடு வரிசையாகச் சாய்ந்து கிடந்தன. ஏழெட்டு வருடம் வளர்ந்த கொடிகள். பைனாகுலரைக் கழுத்தில் போட்டுக்கொண்டு அத்தனையையும் தாண்டித்தான் போனேன், தாண்டித்தான் வந்தேன். "எவ்வளவுண்ணா போச்சு?" என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை.

மறுநாள் விடிவதற்குள் கார்கள் வந்துவிட்டன. சேலம், திருச்சி, கோயம்புத்தூர், பெங்களூர். புயல் பாதித்த ஊர்களுக்கு அரிசி ஏற்றிய வேன்கூட அவ்வளவு வேகமாக எழுபது கொண்டை ஊசி வளைவை ஏறி வந்திருக்காது.

இடத்தை மனதில் வாங்கிக்கொள்ளுங்கள். மெயின்ரோட்டிலிருந்து ஊருக்குப் போகும் ரோடு ஒரு வண்டி அகலம்தான். ஒரு பக்கம் மேடு, மறுபக்கம் சரிவு. பாதி வழியில் ஆலா இருந்த காடு. அதைத் தாண்டி நூறு அடியில், ரோட்டின் குறுக்கே ஒரு பெரிய சில்வர் ஓக். அதற்கு அப்பால் களமும் ஊரும். வந்த கார்கள் அந்த மரம் வரைக்கும் ஒன்றன்பின் ஒன்றாக நுழைந்து நின்றன. திரும்ப இடமில்லை. வெளியேற வேண்டுமானால் கடைசிக் கார் பின்னோக்கிப் போனால்தான் உண்டு.

எட்டாவது கார் வந்ததும் எனக்குப் புத்தி வந்தது. அதாவது, புத்தி என்று அப்போது நினைத்தேன். பொன்னுசாமி அண்ணனிடம் ஓடினேன்.

"அண்ணா, இந்த மரத்தைக் கொஞ்சம் எடுத்துட்டா வண்டிகளைக் களத்துல திருப்பிக்கலாமுங்க."

"நாளைக்கு மெஷின் ரம்பம் வருதுங்க, அம்மிணி. இப்பக் கோடாலியும் கைரம்பமும்தான் இருக்குது. மரம் மேட்டுல தொத்திக்கிட்டுக் கெடக்குது, உருண்டா சிக்கல்."

"பார்த்துச் செய்யுங்க அண்ணா. பெரிய பெரிய ஆளுங்க வந்திருக்காங்க."

இந்த வாக்கியத்தை என் வாயால்தான் சொன்னேன். அவருக்கு அந்த மரத்தை அன்று வெட்ட வேண்டிய எந்த அவசரமும் இல்லை. எனக்காகக் கோடாலியை எடுத்தார். பக்கத்துக் காட்டுக்காரர்கள் மூன்று பேர் கூட வந்தார்கள்.

ஒன்பது மணிக்குப் பதினேழாவது காரில் வந்து இறங்கியவர் தொண்ணூற்றொன்பதார். சென்னைக்குப் போய்ச் சேர்ந்த மறுநாளே திரும்பியிருக்கிறார். "உங்க மெசேஜ் பார்த்ததும் கிளம்பிட்டேன்," என்றார், ஏதோ நான் தந்தி அடித்து வரவழைத்த மாதிரி. மற்றவர்களோடு காட்டுக்குள் போய் மண்டியிட்டு உட்கார்ந்தார்.

பத்து நிமிடம்கூட ஆகியிருக்காது. மரத்தின் பக்கமிருந்து ஒரு சத்தம். மரம் முறிந்த சத்தம் அல்ல, மனிதன் சத்தம்.

அடிமரத் துண்டு மேட்டிலிருந்து உருண்டு பொன்னுசாமி அண்ணனின் இடது காலை ரோட்டோடு நசுக்கியிருந்தது. முழங்காலுக்குக் கீழே எலும்பு வெளியே தெரிந்தது. அவர் மனைவி சின்னப்பொண்ணு துண்டை இறுக்கிக் கட்டிப் பிடித்துக்கொண்டிருந்தாள். துண்டு நனைந்துகொண்டே இருந்தது. மெயின்ரோடுக்கு ஊர்க்காரர் ஒருவர் ஓடிப்போய் ஆம்புலன்ஸுக்குச் சொன்னார். அது வேறொரு ஊருக்குப் போயிருந்தது, திரும்ப நேரமாகும் என்றார்கள். எங்கள் கண்ணெதிரே பதினேழு கார். நகர முடிந்தது கடைசியாக வந்து நின்ற ஒன்றே ஒன்று.

கூட மரம் வெட்டிய மூன்று பேரும் அவரை ஒரு ஜமுக்காளத்தில் வைத்து, ஆளுக்கொரு முனையாகப் பிடித்து, கார்களுக்கும் மேட்டுக்கும் இடையே நுழைத்துக்கொண்டு நடந்தார்கள். நாலாவது முனை சின்னப்பொண்ணு கையில். நான் காட்டுக்குள் ஓடினேன்.

நாற்பது பேர் அரைவட்டமாக, மூச்சுகூட விடாமல் உட்கார்ந்திருந்தார்கள். சத்தம் அவர்கள் காதிலும் விழுந்திருக்கும். இரண்டு பேர் எழுந்து ரோட்டைப் பார்த்தார்கள், பக்கத்திலிருந்தவர்கள் சட்டையைப் பிடித்து உட்கார வைத்தார்கள். பறவை கலைந்துவிடுமாம்.

"சார், வண்டிச் சாவி கொடுங்க. ஒருத்தருக்குக் கால் நசுங்கிடுச்சு. ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போகணும்."

தொண்ணூற்றொன்பதார் டெலஸ்கோப்பிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"ஐயோ, பாவமே. இதோ வந்துடறேன். இதே மாதிரி இன்னொரு ஆலா இருக்கு. றெக்கையோட அடிப்பக்கத்தைப் பார்த்தாத்தான் எதுன்னு உறுதியாகும். இது றெக்கையைத் தூக்கவே மாட்டேங்குது. ஐந்தே நிமிஷம்."

"சார், ரத்தம் போகுது."

"ஐந்தே நிமிஷம்மா. நானூறு!"

அவரைக் கெட்டவர் என்று நினைக்காதீர்கள். கெட்டவராக இருந்திருந்தால் சட்டையைப் பிடித்து உலுக்கியிருப்பேன், வேலை சுலபமாக முடிந்திருக்கும். அவர் அந்த டெலஸ்கோப்பின் வட்டத்துக்குள் குடியிருந்தார். வெளியே நடப்பது எதுவும் அங்கே எட்டவில்லை. முந்தைய நாள் மண்ணில் படுத்துப் படம் எடுத்தபோது நானும் அங்கேதான் குடியிருந்தேன், ஆகவே முகவரி எனக்குத் தெரியும்.

எனக்கு இந்த வேலையைக் கற்றுக்கொடுத்தவர், எனக்கு முன் இங்கே வழிகாட்டியாக இருந்தவர், ஒரே ஒரு சட்டம்தான் சொல்லியிருந்தார்: உன்னால் ஒரு பறவை பறந்தால் நீ தோற்றாய். இருபது வருடத்துக்கும் மேலாக அதைக் காப்பாற்றி வந்தேன். களைத்த பறவையைக் கலைப்பது அதைக் கொல்வதற்குச் சமம் என்று எத்தனையோ விருந்தினர்களுக்கு வகுப்பு எடுத்திருக்கிறேன்.

சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, அரைவட்டத்தின் நடுவே நுழைந்து, கையைத் தட்டிக்கொண்டு அந்த ஆலாவை நோக்கி நேராக ஓடினேன்.

"ஹேய்! என்ன பண்றீங்க!" என்று பின்னால் நாற்பது குரல். நான் நிற்கவில்லை. அது என்னைப் பார்த்தது. இரண்டு முறை தத்தித்தத்தி விழுந்தது. மூன்றாம் முறை எழும்பி, நீண்ட றெக்கைகளை விரித்து, எங்கள் தலைக்கு மேல் ஒரு சுற்றுச் சுற்றி, சரிவில் இறங்கிப் பள்ளத்தாக்குப் பக்கம் மறைந்தது. அவ்வளவு அழகாகப் பறந்தது. அதைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை.

"பார்த்துட்டேன்! அடிப்பக்கம் பார்த்துட்டேன்!" தொண்ணூற்றொன்பதார் குதித்தார். "நானூறு!"

"சாவி," என்றேன்.

அவர் சாவியைக் கொடுக்கவில்லை. தானே ரோட்டுக்கு ஓடினார். ஜமுக்காளத்தைப் பார்த்ததும் முகம் வெளுத்தது. அப்போதுதான் வட்டத்திலிருந்து வெளியே வந்தார் என்று நினைக்கிறேன். பின்சீட்டில் இருந்த கேமராப் பைகளை எடுத்து ரோட்டோரம் எறிந்துவிட்டு, பொன்னுசாமி அண்ணனைப் படுக்க வைத்தார். ஒரு வண்டி அகல ரோட்டில் மெயின்ரோடு வரை பின்னோக்கியே ஓட்டினார். அப்படி ஒரு டிரைவரை நான் பார்த்ததில்லை.

மலை இறங்கும்போது பொன்னுசாமி அண்ணனுக்குக் கண் செருகியது. சின்னப்பொண்ணு அவர் தலையை மடியில் வைத்துக்கொண்டு, "ஏனுங்க, தூங்காதீங்க, ஏதாச்சும் பேசுங்க," என்று கன்னத்தில் தட்டிக்கொண்டே இருந்தாள். நான் முன்சீட்டில் இருந்தேன். பேசியவர் நானூறார்தான். ஒவ்வொரு வளைவிலும் ஸ்டியரிங்கை ஒடித்துக்கொண்டே அந்த ஆலாவின் வாழ்க்கை வரலாறு முழுவதையும் சொன்னார். அது எங்கே முட்டையிடும், எத்தனை வருடம் வாழும், எப்படி நடுவானத்திலேயே தூங்கும். நாற்பதாவது வளைவு வாக்கில் பின்சீட்டிலிருந்து ஒரு குரல் கேட்டது.

"ஏனுங்க சார், அது கடல்ல என்னத்தைத் திங்குமுங்க?"

"மீன், கணவாய்..."

"அதான் நம்ம சோத்தைத் தொடலீங்க."

அடிவாரத்தைத் தாண்டிப் பெரிய ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். காலை எடுக்க வேண்டியிருக்குமோ என்று முதலில் பயமுறுத்தினார்கள். பிறகு தகடு வைத்துக் காப்பாற்றிவிட்டார்கள். ஆனால் அவர் மறுபடி மிளகு மரத்தில் ஏணி போட்டு ஏறவில்லை. மிளகு பறிப்பதற்கு இப்போது ஆள்தான் வைக்கிறார்.

ஆலா மறுநாள் பள்ளத்து ஓடையோரம் செத்துக் கிடந்தது. நான்தான் போய்த் தேடிக் கண்டெடுத்தேன். கையில் எடுத்தால் கனமே இல்லை, நெஞ்செலும்பு கத்தி மாதிரி குத்தியது. எப்படியும் செத்திருக்கும் என்று பலர் ஆறுதல் சொன்னார்கள். இருக்கலாம். அந்த ஆறுதலை நான் வாங்கிக்கொள்ளவில்லை. முதல் நாளே பெட்டியில் வைத்திருந்தால் பிழைத்திருக்கவும் கூடும். அப்படி வைத்திருந்தால் பதினேழு காரும் வந்திருக்காது, பொன்னுசாமி அண்ணன் கோடாலியும் எடுத்திருக்க மாட்டார்.

ஒரு வாரம் கழித்து விடுதிக்கு ஒரு புகார்க் கடிதம் வந்தது. வழிகாட்டி வேண்டுமென்றே களைத்த பறவையைக் கலைத்து அதன் சாவுக்குக் காரணமானார், இது பறவை நோக்கும் அறத்துக்கு முற்றிலும் விரோதம் என்று இரண்டு பக்கம். கீழே பல கையெழுத்துகள். முதல் கையெழுத்து நானூறாருடையது. எழுதியது அத்தனையும் உண்மை. அவர் பட்டியலில் அந்த ஆலா நானூறாவதாக இருக்கிறது, றெக்கையின் அடிப்பக்கம் தெளிவாகத் தெரிந்தது என்ற குறிப்போடு. ஒரு மாதம் என்னை வேலையிலிருந்து நிறுத்தி வைத்தார்கள். நான் மறுத்துப் பேசவில்லை. ஆனால் அவர்கள் தண்டித்தது நான் செய்ததில் சரியாக இருந்த ஒரே காரியத்துக்காக. மற்ற இரண்டுக்கும், இடத்தைப் போட்டதற்கும் மரத்தை வெட்டச் சொன்னதற்கும், அந்தக் கடிதத்தில் ஒரு வரி இல்லை. இடத்தைப் போட்டதற்கு நன்றி என்று ஒருவர் ஓரத்தில் எழுதியிருந்தார்.

ஆகவே பிள்ளைகளே, அபூர்வமான எதையாவது பார்த்தால் போனை எடுக்கும் முன் தலையைத் திருப்பிச் சுற்றிப் பாருங்கள். அந்த நிலம் யாருடையது, அந்த வீட்டில் அன்று அடுப்பு எரிந்ததா, வந்த வண்டி எப்படித் திரும்பும். இதையெல்லாம் பார்த்து முடிப்பதற்குள் பறவை பறந்துவிட்டால், நல்லது. தவறு செய்யும் வாய்ப்பு ஒன்று குறைந்தது.

வேலையிலிருந்து நிறுத்தி வைத்திருந்த அந்த மாதம், பொன்னுசாமி அண்ணன் வீட்டுக்குப் போனேன். அவர் கட்டிலில் கால் நீட்டிப் படுத்திருந்தார். "வாங்கம்மிணி," என்றார், எப்போதும் போல. சின்னப்பொண்ணு காபி கொண்டுவந்து கொடுத்தாள். நான் மன்னிப்புக் கேட்கத் தொடங்கினேன். என்னைப் போலப் படித்தவர்கள் மன்னிப்புக் கேட்டால் நீளமாகத்தான் இருக்கும். அவள் பாதியில் நிறுத்தினாள்.

"அதெல்லாம் விடுங்கக்கா. காபி ஆறுதுங்க, குடியுங்க. ஒண்ணு மட்டும் சொல்லிப்போடறேன். இனிமே எங்க காட்டுல மயிலு வந்து குட்டி போட்டாலும் உங்களுக்குச் சொல்ல மாட்டோமுங்க."

"சொல்லாதீங்க," என்றேன்.

அவர்கள் சொன்ன சொல் தவறவில்லை. உங்கள் போனில் இருக்கும் பட்டியலைத் திறந்து பாருங்கள். அந்த வருடத்துக்குப் பிறகு குண்டனி நாட்டில் ஓர் அபூர்வப் பறவைகூட வந்ததாகப் பதிவில்லை. அதை நம்பிவிடாதீர்கள்.